கை நனைக்காத கல்யாணம்

1

போராட்டத் துண்டறிக்கைக்கு ஒரு போட்டோ அனுப்பு என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் எந்த போட்டோவை அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கேயே பிறந்து, முப்பது வயது வரைக்கும் அங்கேயே கிடந்தவள் நான். தெரியாமல் போய்விட்டது. அதனால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் தனம். பீளமேட்டில் ஒரு மில் தொழிலாளியின் இரண்டாவது பெண். இப்போது இங்கிலாந்தின் நடுப்பகுதியில், குளிருக்கும் மழைக்கும் பெயர்போன ஒரு நகரத்தில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சமையல்கட்டில் வேலை செய்கிறேன். சமைப்பதில்லை. வார்டு வார்டாகத் தட்டுகளை வண்டியில் அடுக்குவது, மிச்சம் வைத்துத் திரும்பி வருவதைக் கழுவப் போடுவது, இவ்வளவுதான் உத்தியோகம். என் வீட்டுக்காரர் செந்தில் ஒரு மெஷின் பட்டறையில் இருக்கிறார். கோயமுத்தூரில் லேத் ஓட்டினார், இங்கேயும் அதைத்தான் ஓட்டுகிறார். மகள் நித்யாவுக்குப் பதினாறு வயது. அவளுக்குத் தமிழ் புரியும், பேசச் சொன்னால் மட்டும் வேறு வேலை வந்துவிடும்.

ஊரில் எனக்கென்று இருப்பது சரசு அக்கா. போத்தனூரில் இருக்கிறாள். மாமாவுக்கு இடுப்பு போய்ப் பல வருடம் ஆகிறது, அக்கா சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. போத்தனூரைத் தாண்டி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் கறை இருக்கிறதா, தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை காலை, நான் பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது. எங்கள் பேச்செல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற நாளில் போன் வந்தால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அடித்துப் பிடித்து எடுத்தேன்.

“பயந்துக்காத கண்ணு, எல்லாரும் நல்லாத்தான் இருக்கறோம். கம்பெனியில எங்களைக் கேட்டோட நிறுத்திப்போட்டாங்க.”

“எங்களைன்னா யாரை?”

“இருவது பேரு. சங்கத்துல பேரு குடுத்தவங்க அத்தனை பேரும்.”

நடந்தது இதுதான். செக்கிங்கில் பெண்கள் நாள் பூராவும் நின்றுகொண்டே துணி பார்க்க வேண்டும். அவர்கள் கேட்டது ஸ்டூல். ஆளுக்கு ஒன்றுகூட வேண்டாம், இரண்டு பேருக்கு ஒன்று போதும், மாற்றி மாற்றி உட்கார்ந்துகொள்கிறோம் என்றார்கள். உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று சொல்லிவிட்டார் சூப்பர்வைசர். கேட்டுக் கேட்டு வாய் வலித்த பிறகு இருபது பேர் ஒரு சங்கத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை காலையில் கம்பெனி பஸ் அவர்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல் போனது. ஆட்டோ பிடித்துப் போனால் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்து நாலு வயது. சங்கத்தில் பேர் கொடுத்து வெளியே வந்தவள் என்று தெரிந்தால் பக்கத்துக் கம்பெனிக்காரனும் சேர்க்க மாட்டான். உள்ளே போனால் பிழைப்பு, இல்லாவிட்டால் இல்லை.

முதலாளி யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சண்முகம் என்று பேர். செந்திலுக்குப் பெரியப்பா மகன். பங்காளி. எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. பட்டறை வைத்திருப்பவரும் அந்தப் பட்டறையில் கரி படிந்து நிற்பவரும் ஒரே கோயிலில் பொங்கல் வைப்பார்கள். அக்காவுக்கு அந்த வேலையைச் சொல்லி வாங்கிக் கொடுத்ததே என் மாமியார்தான்.

2

அன்று மாலை செந்திலிடம் சொன்னேன். சாதம் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

“சண்முகண்ணன் கம்பெனியிலயா?”

“ஆமாங்க.”

“இதுல நாம தலையிடறதுக்கில்லை அம்மிணி. அண்ணங்கிட்ட நான் மெதுவாப் பேசறேன்.”

மெதுவாகத்தான் பேசினார். அண்ணன் வாட்ஸப்பில் ஒரு சிரித்த முகத்தை அனுப்பி, ‘கல்யாண வேலையா அலைஞ்சிட்டிருக்கேன் தம்பி, முடியட்டும் பார்க்கலாம்’ என்று போட்டிருந்தார். அவருடைய மூத்த பெண்ணுக்கு அந்த மாதக் கடைசியில் கல்யாணம். எங்களுக்கும் பத்திரிகை வந்திருந்தது. தொட்டால் நாதஸ்வரம் வாசிக்கும் பத்திரிகை அது.

அக்கா துணியில் தைக்கும் லேபிளின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் போனில் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினமும் பஸ் மாறும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குழந்தைகள் துணிக்கடையின் பெயர் அது. மறுநாள் உள்ளே போய்ப் பார்த்தேன். முயல் படம் போட்ட ராத்திரிச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றைத் திருப்பித் தையலைத் தடவினேன். அக்கா பார்த்து அனுப்பியதாக இருக்கலாம், வேறு யாரோ பார்த்ததாகவும் இருக்கலாம். உதவி வேண்டுமா என்று ஒரு பெண் வந்து கேட்டாள். வேண்டும் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லி வந்துவிட்டேன்.

அப்பாவின் மில்லில் ஸ்டிரைக் நடந்தபோது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் இழுத்தது. மில் சங்கு ஊதவில்லை, அதனால் எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போய் அடி வாங்கினோம். சங்கத்தில் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். மளிகைக் கடைக்காரர்கள் அரிசி கொடுத்தார்கள், மார்க்கெட்டிலிருந்து தக்காளியும் வெங்காயமும் வந்தன. அம்மா மட்டும் அங்கே போய்ப் பாத்திரத்தை நீட்ட மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு அம்மா இருந்தார். அவர்கள் வீட்டில் யாருக்கும் மில் வேலை கிடையாது. ஒருநாள் அவர் தன் போசியை எடுத்துக்கொண்டு வந்து, “எங்களுக்கும் கஞ்சி வேணும். தனியாப் போறதுக்கு ஒரு மாதிரி இருக்குது, நீ தொணைக்கு வா” என்று அம்மாவைக் கூட்டிப் போனார். அவர்கள் வீட்டில் அப்போதுதான் ரசத்துக்குத் தாளித்திருந்தார்கள். வாசம் எங்கள் அடுப்படி வரைக்கும் வந்தது. அன்றிலிருந்து ஸ்டிரைக் முடிகிறவரை இரண்டு பேரும் சேர்ந்தே போய்க் கஞ்சி வாங்கி வந்தார்கள்.

அந்த ஸ்டிரைக்கில் ஜெயித்தீர்களா, தோற்றீர்களா என்று அப்பாவிடம் பிற்பாடு பல தடவை கேட்டிருக்கிறேன். “உள்ள போனோம்” என்பார். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை.

3

ஆஸ்பத்திரியில் நான் சங்கத்தில் உறுப்பினர். சேரும்போது கையெழுத்துப் போட்டதோடு சரி. கிளைக்கூட்டத்துக்கு அதுவரை போனதில்லை. அந்த மாதம் போனேன். ஆஸ்பத்திரியின் பேஸ்மெண்டில் கூட்டம்.

கிளைச் செயலாளர் ஜேனட் அறுபதை நெருங்கியவர். சலவைப் பிரிவில் வேலை. வடக்கே நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். அவர் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும், நான் பேசுவது அவருக்கும் அப்படித்தான். ஆகவே இரண்டு பேரும் மெதுவாகப் பேசுவோம்.

எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். “அக்கா நின்றுகொண்டே வேலை செய்தாள், உட்காரக் கேட்டாள், இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்” என்று என் இங்கிலீஷில் வந்தது. நான்கைந்து பேர் சிரித்துவிட்டார்கள். பிறகு சிரிப்பதற்கில்லை என்று புரிந்து வாயை மூடிக்கொண்டார்கள். அந்தக் குழந்தைகள் துணிக்கடைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை துண்டறிக்கை கொடுக்கலாம் என்றார் ஜேனட். உடனே கொடுத்துவிட முடியுமா? தீர்மானம் எழுத வேண்டும், ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும். கூட்டத்துக்கு இத்தனை நாள் முன்னால் அது வந்திருக்க வேண்டும், வரவில்லை, ஆகவே அவசரத் தீர்மானம் என்று வேறு ஒரு வழி. நடைபாதையில் நிற்பதற்கு நகராட்சியிடம் கேட்டால், ஆள் நிற்கலாம், மேஜை நிற்கக் கூடாது என்று பதில் வந்தது. மேஜைக்குத் தனி அனுமதியாம்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். “எங்குளுக்கு மேஜையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். ஓரமா நிக்க உடுங்கன்னு கேட்டதுக்கே போலீஸ்ல ஆயிரம் கேள்வி கேட்டாங்க கண்ணு” என்றாள். கடைசியில் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த பேக்கரிக்காரர்தான் தன் கடையோரம் இடம் கொடுத்திருக்கிறார். உட்கார பேக்கரி ஸ்டூல்களையும் போட்டுக் கொடுத்தார். தினமும் காலையில் இருபது பேரும் வேலைக்குப் போகிற நேரத்துக்கே அங்கே போய்விடுவார்கள், கம்பெனி பஸ் கிளம்பும் வரை இருப்பார்கள்.

அறிக்கை அடிக்கிற வேலையை நித்யா எடுத்துக்கொண்டாள். பெரியம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசி அனுப்பச் சொன்னாள். அக்கா அனுப்பிய குரல் பதிவு இது: “வணக்கமுங்க. நாங்க ஒண்ணும் பெருசாக் கேக்கலீங்க. உக்கார ஒரு ஸ்டூலும், எங்களை மறுபடி உள்ள உட்டாங்கன்னாவும் போதுமுங்க.” நித்யா அதை இங்கிலீஷில், ‘எங்களை உள்ளே விடு, உட்கார விடு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாள்.

“பெரியம்மா இப்படிக் கத்தலையே” என்றேன்.

“அம்மா, அவங்க வரிக்கு வரி ‘ங்க’ சொல்றாங்க. வேலையை விட்டுத் துரத்தினவங்களைப் பத்திப் பேசும்போது எதுக்கு ‘ங்க’?”

இங்கிலீஷில்தான் கேட்டாள். அறிக்கை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பெண்கள் சேர்ந்து நிற்கிற போட்டோ ஒன்று மேலே வேண்டும் என்று ஜேனட் கேட்டார். அக்காவுக்குச் சொன்னேன், உடனே வந்துவிட்டது. வேலைக்கு நேரமாகிவிட்டதால் நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஜேனட்டுக்கும் நித்யாவுக்கும் அனுப்பிவிட்டு ஓடினேன்.

4

புதன்கிழமை கூட்டத்தில் ஜேனட் போட்டோவைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்.

இருபது பெண்களும் பட்டுச் சேலையில் ஜொலித்தார்கள். தலை நிறைய மல்லிகை. அக்கா தன் ஒரே அரக்குப் பட்டைக் கட்டியிருந்தாள். ஓரத்தில் நின்ற, ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்திருந்த பெண்கூட யாருடைய சேலையையோ இரவல் வாங்கி உடுத்தியிருந்தாள். பின்னால் பூ அலங்காரம். நடுவில் மணப்பெண்ணும் மாப்பிள்ளையும். மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியில் ஒருவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அழகாக இருக்கிறார்கள். இந்த மனிதர் யார்?” என்று கேட்டார் ஜேனட்.

“அவர்தான் முதலாளி” என்றேன்.

சமையல்கட்டில் என்னோடு வேலை செய்கிற ஒருவர், கோபமே இல்லாமல், சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்: “வேலையை விட்டு நீக்கினவர் வீட்டுக் கல்யாணத்தில் இவர்கள் என்ன செய்கிறார்கள்? சமாதானம் ஆகிவிட்டதா?” தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. நாம் தெருவில் நின்று கத்திக்கொண்டிருக்க, அந்தக் கடைக்காரர் இந்த போட்டோவை எடுத்துக் காட்டினால் சங்கத்தின் மானம் போய்விடும் என்றார் இன்னொருவர். அவர் சொன்னதில் தப்பில்லை. விவரம் தெரிகிறவரை சனிக்கிழமை நிகழ்ச்சியை நிறுத்தி வைப்பது என்று முடிவாயிற்று. அதற்கு ஓட்டெடுப்புக் கூட வேண்டியிருக்கவில்லை.

அக்கா மீது எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இங்கே நான் புருஷனையும் பங்காளியையும் பகைத்துக்கொண்டு, தெரியாத பாஷையில் நாலு பேர் முன்னால் நின்று தொண்டை வறளப் பேசியிருக்கிறேன். இவள் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு மேடையில் போய் நிற்கிறாள்.

5

“ஏன் போன?” வணக்கம் இல்லை, சாப்பிட்டாயா இல்லை, எடுத்ததுமே இதைத்தான் கேட்டேன்.

“எங்க?”

“கல்யாணத்துக்கு!”

“போவாம எப்படி? பத்திரிகை வெச்சுட்டாங்களே. கமலாக்கா தட்டுல வெத்தலபாக்கோட மேஜை மேஜையா வந்து கூப்புட்டுது.” கமலா என்பது முதலாளியின் மனைவி.

“அதுக்கப்புறம்தானே உங்களை வெளிய தொரத்தினாரு?”

“தொரத்துனது அவரு. கண்ணாலம் அந்தப் புள்ளைக்கு. அது என்ன பண்ணுச்சு, பாவம்?”

“அங்க போயி அவரோட போட்டோ எடுத்து, அதை எனக்கும் அனுப்பியிருக்கிற!”

“நீதான எல்லாரும் ஒண்ணா நிக்கறதைக் கேட்ட? நல்ல சேலை கட்டி எல்லாரும் நிக்கறது அது ஒண்ணுதான். பேக்கரி முன்னால கசங்குன சேலையோட உக்காந்திருக்கறதையா வெள்ளக்காரனுக்கு அனுப்புவாங்க?”

தலையில் அடித்துக்கொண்டேன். இப்போது எல்லாம் போச்சு, இங்கே யாரும் நிற்கப் போவதில்லை, நீங்கள் சமாதானமாகிவிட்டீர்கள் என்று நினைக்கிறார்கள் என்று சொன்னேன்.

“சமாதானமா? நாங்க கை நனைக்கலையே” என்றாள்.

“என்ன?”

“சாப்புடலை. ஒருத்தரும் சாப்புடலை.”

இதைச் சொல்லாமல் போட்டோவை மட்டும் அனுப்பியிருக்கிறாள் மகராசி. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். முதல் நாளே பேக்கரியில் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்கிறார்கள். பத்திரிகை வைத்த வீட்டுக்குப் போவது, பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்துவது, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்புவது. ஒடிசாக்காரப் பெண்ணுக்கு மட்டும் இது புரியவில்லை. கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் வருவது என்ன கணக்கு என்று கேட்டிருக்கிறாள். “அவளுக்குச் சொல்லிச் சொல்லி மாளலை. பந்திக்கட்டுல ஜிலேபி வாசம் வேற தூக்குச்சு” என்றாள் அக்கா.

மேடையிலிருந்து இறங்கி, மண்டபத்து வாசலுக்குப் போகும் வழி பந்திக்கட்டைத் தாண்டித்தான் போகிறது. அங்கே கமலாவின் அண்ணன் கைகூப்பி நின்று உறவும் ஒறம்பரையுமாக வந்தவர்களைப் பந்திக்கு அழைத்துக்கொண்டிருந்தார். “வாங்கோ, சாப்புட்டுட்டுப் போலாம் வாங்கோ” என்றார். அக்கா, “இருக்கட்டுங்க” என்று கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தாள். அடுத்தவள், “இருக்கட்டுங்க.” அதற்கடுத்தவள், “இருக்கட்டுங்க.” இப்படி இருபது பேரும் ஒருவர் பின்னால் ஒருவராகக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஐந்தாறு பேர் போவதற்குள் மண்டபம் மொத்தமும் திரும்பிப் பார்த்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா முதலாளியிடம் வந்து, “ஏனுங் சம்பந்தி, யாருங்க அவங்கெல்லாம்? கை நனைக்காமப் போறாங்களே?” என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் கமலா காரை எடுத்துக்கொண்டு போத்தனூருக்கே வந்துவிட்டாராம். கையில் பெரிய டிபன் கேரியர்.

“ஏஞ் சரசு, கண்ணாலத்துக்கு வந்துபோட்டு சாப்புடாமப் போனா, எம்புள்ளை வாழ்க்கை என்னத்துக்காகும்? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?”

“அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க. புள்ளை நல்லா இருக்கோணும்னுதான் வந்தமுங்க.”

“அப்ப இதைச் சாப்புடு.”

“எங்களை உள்ள உடச் சொல்லுங்கக்கா. கம்பெனி கேண்டீன்லயே உக்காந்து சாப்புட்டுக்கறமுங்க.”

கேரியர் திறக்கப்படாமலே திரும்பிப் போனது.

“இதை ஏன் எனக்கு முன்னாலயே சொல்லலை?” என்று கேட்டேன்.

“இதுல சொல்றதுக்கு என்ன இருக்குது? யாருக்கும் தெரியாததா?” என்றாள். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பேஸ்மெண்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அதைவிட, எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. அவ்வளவு பெரிய போட்டோவைச் சுவரில் பார்த்துவிட்டும், சாப்பிட்டார்களா என்று கேட்க வேண்டும் என்று எனக்குப் படவில்லை.

6

மறுநாள் டீ இடைவேளையில் சலவைப் பிரிவுக்குப் போய் ஜேனட்டைப் பிடித்தேன். துணி மூட்டைகளுக்கு நடுவில் நின்றபடி சொன்னேன். பந்தி என்றால் என்ன, கூப்பிட்டால் ஏன் மறுக்கக் கூடாது, மறுத்தால் என்ன அர்த்தம் எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

“அப்படியானால் சாப்பிடாமல் வருவதற்காகவே கல்யாணத்துக்குப் போனார்கள்” என்றார் ஜேனட்.

“ஆமாம். இல்லை, வாழ்த்தவும் போனார்கள்.”

“இரண்டும் சேர்த்தா?”

“இரண்டும் சேர்த்து.”

அவர் கையுறையைக் கழற்றினார். அவருடைய அப்பாவின் சுரங்கத்தில் ஒரு நீண்ட ஸ்டிரைக் நடந்ததாம். அப்பாவின் சொந்தத் தம்பி பாதியில் வேலைக்குப் போய்விட்டார். அதன் பிறகு அந்தத் தம்பி சாகிறவரைக்கும் அப்பா அவரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் பீர் குடித்ததில்லை. தம்பியின் சாவுக்குப் போனார், பெட்டியைத் தோள்கொடுத்துத் தூக்கினார், அடக்கம் முடிந்து எல்லோருக்கும் கொடுத்த டீயை மட்டும் தொடாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். “நீ இவ்வளவு நேரம் விளக்கியிருக்க வேண்டாம், சாப்பிடவில்லை என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம்” என்றார் ஜேனட். அன்று மாலையே எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். சனிக்கிழமை நிகழ்ச்சி மறுபடி உறுதியாயிற்று.

போட்டோவில் முதலாளியை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம் என்றாள் நித்யா. அப்படி வெட்டினால் மணப்பெண்ணின் தோளும் சேர்ந்து போகும். அக்காவிடம் கேட்டதற்கு, “புதுசாக் கண்ணாலமான புள்ளையை வெட்டுறதா? வாயைக் கழுவு” என்று சத்தம் போட்டாள். கடைசியில் போட்டோவே இல்லாமல்தான் அறிக்கை அச்சானது.

சனிக்கிழமை காலையில் செந்தில் என்னைக் காரில் கொண்டுபோய் விட்டார். கடைக்கு ஒரு தெரு முன்னாலேயே வண்டியை நிறுத்தினார்.

“இன்னும் கொஞ்சம் முன்னால விடக்கூடாதாங்க? மழை தூறுது.”

“இதுக்கு மேல என்னால வர முடியாது அம்மிணி. எங்கண்ணன்” என்றார். குடையை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டு நடந்தேன்.

பதினைந்து பேர் போல வந்திருந்தார்கள். ஜேனட் ஒலிபெருக்கியில் பேசினார். நான் போகிற வருகிறவர்களுக்கு அறிக்கை நீட்டினேன். கூச்சத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாவை “ஏனுங்க” என்றே கூப்பிட்டுவிட்டேன். அவர் திரும்பி வந்து வாங்கிக்கொண்டார். தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த ஒரு பெண் அறிக்கையை நின்று படித்துவிட்டு, “வெறும் ஸ்டூலுக்காகவா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே போய்க் கடை மேனேஜரிடமும் அதையே கேட்டிருக்கிறாள். அவர் வெளியே வந்து, மரியாதையாக ஒரு அறிக்கையை வாங்கி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறேன் என்று சொன்னார். அவருக்குக் கீழே வேலை செய்கிற பெண்களும் நாள் முழுக்க நின்றுகொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் கண்ணாடிக்குள்ளிருந்து எங்களைப் பார்த்தார்கள்.

நான் பதாகையோடு நிற்கும் போட்டோவைச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் போட்டார்கள். அது அன்று சாயங்காலத்துக்குள் சூலூரில் என் மாமியாரின் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

7

அக்காவும் மற்றவர்களும் பேக்கரியோரம் இன்னும் சில வாரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒருநாள் கம்பெனி பஸ் அவர்கள் நிற்கும் இடத்தில் வந்து நின்றது. டிரைவர் ஒன்றும் நடக்காத மாதிரி ஹாரன் அடித்திருக்கிறார். இருபது பேரும் ஏறிக்கொண்டார்கள்.

இதை யார் செய்தது என்பதில் ஆளுக்கொரு கட்சி. கடையின் தலைமை அலுவலகத்திலிருந்து திருப்பூர் ஏஜெண்டுக்கும், ஏஜெண்டிடமிருந்து முதலாளிக்கும் போன் போனதால்தான் என்கிறது எங்கள் கிளையின் செய்திமடல். கமலா புருஷனோடு பேச்சை நிறுத்தியதால்தான் என்கிறார் என் மாமியார். சம்பந்தி வீட்டில் மறுவிருந்துக்குப் போன இடத்தில் அந்த இருபது பேரைப் பற்றியே கேட்டுக் கேட்டு மானத்தை வாங்கிவிட்டார்களாம். இத்தனை நாள் நகராமல் உட்கார்ந்ததால் என்கிறார்கள் கோயமுத்தூர் சங்கத்துத் தோழர்கள். அக்காவைக் கேட்டால், “என்னமோ, உள்ள போனோம்” என்கிறாள்.

ஸ்டூல் வந்தது. இரண்டு பேருக்கு ஒன்று. கேட்டில் சங்கக் கொடி கட்ட விடவில்லை, அது இன்றைக்கும் பேக்கரியோரம்தான் நிற்கிறது. எனக்கு அந்த வாரம் முழுக்கச் சந்தோஷம் தாங்கவில்லை. வார்டுக் கிழவர் ஒருவருடைய தட்டில் இரண்டு புட்டிங் வைத்துவிட்டுத் திட்டு வாங்கினேன்.

8

போன மாதம் சண்முகண்ணன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். பெரிய வீடு, பெரிய விசேஷம். புருஷனும் பெஞ்சாதியுமாகக் கம்பெனிக்கு வந்து, பழையபடி தட்டு ஏந்தி, மேஜை மேஜையாக எல்லோரையும் அழைத்திருக்கிறார்கள். செக்கிங் மேஜைக்கும் வந்தார்கள்.

சூலூரில் என் மாமியார் வீட்டுக்குப் பத்திரிகை வரவில்லை. எங்களுக்கு வாட்ஸப்பிலும் வரவில்லை. பங்காளி வீட்டை விட்டுவிட்டு விசேஷம் வைத்தால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாமியார் போனில் அழுதார். “நான் யாருக்கு என்ன பாவம் பண்ணுனேன் கண்ணு?” என்று அவர் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. குடையைக் கூட இப்போது செந்தில் எனக்கு நீட்டுவதில்லை, கதவுப் பக்கம் சாத்தி வைத்துவிட்டுப் போகிறார்.

விசேஷத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்கா பேசினாள். எனக்கு அன்றும் ஷிப்ட், பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன்.

“மொதலாளி எங்கிட்டயே சொன்னாரு. நீங்க எம்பட வாசல்ல நின்னீங்க, அது நமக்குள்ள. உங்க தங்கச்சி அந்நியங்கிட்டக் கொண்டு போயி என்னை நிறுத்திப்போட்டான்னாரு” என்றாள்.

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. மறுபடி நிற்கச் சொன்னால் அந்தக் கடை முன்னால் மறுபடியும் நிற்பேன். ஆனாலும் வலிக்கத்தான் செய்தது.

“நீ போறயா அக்கா?”

“போவாம? தட்டுல வெச்சுக் கூப்புட்டிருக்காங்க.”

“போ. போயி நல்லாச் சாப்புட்டுட்டு வா. போன தடவைக்கும் சேர்த்து.”

“பால் பொங்கறதைப் பாத்துப்போட்டு வந்துருவேன். பந்தியில உக்காரலை.”

“ஏன்? அதுதான் உள்ள விட்டாச்சு, ஸ்டூலும் வந்தாச்சே?”

“உன்னைக் கூப்புடலையே.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உனக்குப் பைத்தியமா, அந்த வேலையை விட்டால் வேறு வழி இருக்கிறதா, மறுபடி கேட்டைச் சாத்தினால் இங்கே எவள் நிற்பாள் என்று பஸ் நிறுத்தத்தில் நாலு பேர் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

“நானொருத்தி மட்டும் இல்லை கண்ணு, இருவது பேரும்தான். நேத்தே பேக்கரியில பேசி முடிச்சுப்போட்டோம்” என்றாள். “அந்த ஒடியாக்காரப் புள்ளைக்கு இந்தத் தடவை ஒண்ணும் சொல்லித் தர வேண்டியிருக்கலை. செரி, உனக்கு பஸ் வந்திரும், வெச்சுரட்டுமா?”